வாசல் தாண்டாத எஞ்சின்

ஜீப்பின் எஞ்சின் தேயத் தேய மலை உயரும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் யாரும் எனக்காக வருத்தப்படவில்லை.

ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு மலை. பக்கத்து வீட்டுக்காரன் போன வருஷம் எஞ்சின் மாற்றினான். அவன் மலை ஒரு மேடு அளவுக்கு இறங்கிவிட்டது. சைக்கிளில்கூடப் போய்விட்டு வருகிறான். என் மலை அப்படியில்லை. காலையில் எழுந்து பார்த்தால் நேற்று இல்லாத ஒரு கொண்டை ஊசி வளைவு நிற்கும். தடுப்புச் சுவரில் சுண்ணாம்பு ஈரம்கூடக் காய்ந்திருக்காது.

என் பெயர் மொக்கராசு. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் இறக்கிக்கொண்டு வருவது என் தொழில். என் மனைவி சுருளியம்மாளும் அங்கேதான் காய் எடுக்கிறாள். ஜீப்பில் முன் சீட்டு அவளுடையது. அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

ஒரு மாலை, அவர்களைக் கூட்டி வரப் போன ஜீப் பாதி மலையில் நீலப் புகையைத் தள்ளிவிட்டு நின்றது. மற்ற பெண்கள் பக்கத்து வீட்டுக்காரன் ஜீப்பில் ஏறி, அவனுடைய மேட்டில் இறங்கி, வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். சுருளி மட்டும் ஏறவில்லை. மேலே தோட்டக் கூலிகளுக்கான லயத்தில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் தங்கிக்கொண்டாள். அங்கிருந்து போன் செய்தாள்.

“நம்ம வண்டி இருக்கையில அடுத்தவுக வண்டில ஏறுனா உங்களுக்குத்தான மாமா கேவலம்? சரி பண்ணிட்டு வாங்க. சத்தம் கேட்டதும் காப்பி போட்டு வைக்கிறேன்.”

சத்தம் என்று அவள் சொன்னது என் எஞ்சின் சத்தத்தை. அது மூன்று முறை இருமும், ஒரு முறை விக்கும், திரும்ப மூன்று முறை இருமும். ஊரில் வேறு எந்த வண்டிக்கும் அந்தச் சத்தம் கிடையாது. தினமும் மாலையில் நான் மூன்று வளைவு கீழே வரும்போதே சுருளிக்குக் கேட்டுவிடும். நான் போய் நிற்கும்போது டம்ளரில் நுரை அடங்கியிருக்காது.

மலை உயர்வதில் இன்னொரு தொல்லையும் உண்டு. மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் சிறுத்துக்கொண்டே போவார்கள். முதலில் முகம் மறந்துபோகும். அப்புறம் குரல் பிடிபடாது. மறுநாள் போன் செய்தபோது சுருளி என்னை “மாமா” என்று சொல்லவில்லை. “என்னங்க” என்றாள். அதற்கு மறுநாள் “டிரைவரண்ணே” என்றாள். போனைக் கீழே போட்டுவிட்டேன்.

நடந்தே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். நடப்பவனுக்கு மலை கூடுதலாக உயரும். இரண்டு வளைவு ஏறி நிமிர்ந்தால் நான்கு முளைத்திருந்தன. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அழுததற்கும் ஒரு வளைவு கூடியது. அதற்குப் பிறகு அழவில்லை.

ஜீப்பை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு மெக்கானிக் சவேரியிடம் போனேன். அவர் பட்டறை ஒரு புளியமரத்தடியில் இருக்கிறது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் அவருடைய கால்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மீதி ஆள் எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் இருப்பார். அன்று என் ஜீப்புக்கு அடியில் புகுந்துகொண்டார்.

“எஞ்சின் போச்சு மொக்கராசு. ரிங்கு தேஞ்சு போச்சு, போரு தேஞ்சு போச்சு. இனி தேய எதுவும் இல்ல. இப்ப மலையத்தான் தேச்சுக்கிட்டு இருக்கு.”

“தேச்சா கொறையணும்ல? வளருதே?”

“எனக்கும் அதான் புரியல.”

“இப்ப என்ன பண்றது?”

“வேற எஞ்சின் பாருங்க. நல்ல குடும்பமாப் பாருங்க. பெரியவுக யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க. ஆம்பள மட்டும் போனா எஞ்சினக் கண்ணுல காட்ட மாட்டாக.”

பழைய எஞ்சினை அன்றே இறக்கினோம். புளியமரக் கிளையில் நான் செயின் பிளாக் மாட்ட, ஜீப்புக்கு அடியில் படுத்தபடியே இழுத்தார் சவேரி. எஞ்சின் இருமிக்கொண்டே மேலே போனது. அது இருந்த ஓட்டை வழியாகக் கீழே பார்த்தேன். சவேரியின் முகம் தெரிந்தது. சாதாரண முகம்தான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பழைய எஞ்சினைப் பட்டறையில் விட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். வீட்டில் அப்போது என் மாமியார் காமுத்தாய் இருந்தார். மகளை மலையில் விட்டுவிட்ட மருமகனுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

“எம்மகள மலைல விட்டுப்புட்டு உங்களுக்குச் சோறு எறங்குதா மாப்ள?” என்றார்.

நான் இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்கவில்லை. அத்தைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைச் சுட்டிக்காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

கட்டிலில் எஞ்சின் இருமியது. அத்தை தட்டை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

“உங்க மாமனாரும் சாகுற வரைக்கும் இப்படித்தான் இருமுனாரு” என்றார். பிறகு முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். ஒரு கிண்ணத்தில் எண்ணெய் எடுத்து வந்து எஞ்சினுக்கு ஊற்றினார். “போதுமாங்க?” என்று கேட்டார். எஞ்சின் விக்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

மறுநாள் எஞ்சின் பார்க்கப் போனோம். தெற்கே ஒரு தோட்டத்தில் குருவையா என்பவர் வீட்டில் நல்ல எஞ்சின் இருப்பதாகச் சவேரி சொல்லியிருந்தார். வாழைத் தோட்டத்து வரப்பில் நடந்தோம். வரப்பு நீண்டுகொண்டே போனது. நாங்கள் நுழையும்போது வாழை கன்றாக இருந்தது. பாதி வழியில் பூ விட்டது. வீடு கண்ணில் பட்டபோது பழுத்துவிட்டது. அத்தை ஒன்றைப் பறித்துத் தின்றார். என்னால் தின்ன முடியவில்லை. இவ்வளவு நேரத்தில் என் மலையில் எத்தனை வளைவு கூடியதோ என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே நடந்தேன்.

குருவையா வாசலில் நின்று வரவேற்றார். பாய் விரித்திருந்தது. கேசரியும் பஜ்ஜியும் வந்தன. கிணற்றடி அறையிலிருந்து எஞ்சினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். குருவையாவின் மனைவி பக்கத்திலேயே நின்று அதன் மேலிருந்த பட்டுச் சேலையை அடிக்கடி சரிசெய்தார்.

“பாடுமா?” என்று கேட்டார் அத்தை.

குருவையா ஹேண்டில் போட்டுச் சுற்றினார். டுப், டுப், டுப் என்றது.

“குரலு கணீர்னு இருக்கு” என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தப்பா நெனைக்காதீக. இதுக்கு முன்ன வேற எங்கயும் போயி வந்த எஞ்சினா?”

குருவையாவின் முகம் சுருங்கிவிட்டது.

“என்னத்தா இப்படிக் கேட்டுப்புட்டீக? பொறந்ததுல இருந்து எங்க கெணத்தடிலதான் நிக்குது. வாசல் தாண்டி ஒரு எட்டு வச்சதில்ல. ஊருக்குள்ள யார வேணாலும் விசாரிச்சுக்கங்க.”

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்துல இப்படி ஒரு எஞ்சினா!” என்று என் தொடையைக் கிள்ளினார்.

எனக்கும் திருப்திதான். என் பழைய எஞ்சின் பல கை மாறி வந்தது. பட்டாளத்தில் இருந்தது என்பார்கள், கரும்பு ஆலையில் இருந்தது என்பார்கள். சுற்றாத ஊரெல்லாம் சுற்றித்தான் அது இப்படிக் கெட்டுப்போனது என்று நினைத்திருந்தேன். இது அடக்கமான எஞ்சின். ஓடுமா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சபையில் அப்படிக் கேட்பது மரியாதையாக இருக்காது.

“வேலைல எப்படி?” என்று மட்டும் கேட்டேன்.

“கெணறு வத்துற வரைக்கும் நிக்காது. அதுவா நின்னாத்தான் உண்டு. நடுவுல நிப்பாட்ட எங்க யாராலயும் முடிஞ்சதில்ல.”

“பொறுமசாலி” என்றார் அத்தை.

தட்டு மாற்றிக்கொண்டோம். தட்டில் வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு பெல்ட், ஒரு ஸ்பேனர் இருந்தன. எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றியபோது குருவையாவின் மனைவி ஓவென்று அழுதார். “தலப் பொங்கலுக்குக் கட்டாயம் கூட்டிட்டு வந்துருங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வருகிறேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பேன்.

சவேரி எஞ்சினை ஜீப்புக்குள் இறக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது சுருளியின் போன் வந்தது.

“டிரைவருங்களா? இங்கிட்டு வண்டி எதுவும் வருமா?”

“வரும் சுருளி. நான்தான் வர்றேன். உன் புருசன் பேசுறேன்.”

“சும்மா வெளாடாதீக. எம் புருசனுக்கு இப்படியா மெல்லிசுக் குரலு?”

“சுருளி, நான்தான் பிள்ள! உன் மொக்கராசு!”

“வச்சிருங்க. அவரு போன் பண்ணுற நேரம்.”

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவள் என் போனுக்காகக் காத்துக்கொண்டு என் போனை எடுக்காமல் இருந்தாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. ஜீப்பின் மட்கார்டை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

“உதைக்காதீக” என்றார் சவேரி அடியிலிருந்து. “எஞ்சின் பயந்துக்கும். புது எடம்ல.”

சாயங்காலம் வேலை முடிந்தது. கியர் பாக்ஸ் எஞ்சினை ஒத்துக்கொண்டது. ஜீப்பைத் தள்ளிக்கொண்டுபோய் மலையடிவாரத்தில் மூக்கு மேடு பார்க்க நிறுத்தினோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அத்தையையும் கூப்பிட்டேன்.

“இந்த மனுசன இந்த நெலமைல விட்டுட்டு நான் எப்படி மாப்ள வர்றது?” என்றார். பழைய எஞ்சின் முந்தின ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அவர் அதற்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். “எம்மக வந்ததும் அப்பாவப் பாக்க வரச் சொல்லுங்க.”

சவேரி கடைசியாக ஒரு போல்ட்டைப் பார்க்கிறேன் என்று ஜீப்புக்கு அடியில் போனார். நான் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். எஞ்சின் பிடித்தது. டுப், டுப், டுப். அவசரமே இல்லாத சத்தம். ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. சக்கரம் சுற்றியது. ஜீப் நகரவில்லை. ரோடு நகர்ந்தது.

செக்போஸ்ட் என்னை நோக்கி வந்தது. கார்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தார்.

“எங்க போறீக?” என்றார்.

“எங்கயும் போகல.”

“அப்பச் சரி.” கம்பியைத் தூக்கிவிட்டார். செக்போஸ்ட் ஜீப்புக்கு அடியில் புகுந்து பின்பக்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது நின்ற இடத்தில் நிற்கிற எஞ்சின். வாசல் தாண்டிப் பழக்கமில்லை. வேண்டியதைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். கிணற்றில் தண்ணீர் இழுத்த மாதிரி இப்போது மலையை இழுத்துக்கொண்டிருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன், விசில் அடித்தேன். முதல் வளைவு வந்தது, போனது. இரண்டாவது வந்தது. டீக்கடை வந்தது. டீக்கடைக்காரர் கண்ணாடி கிளாஸ்களைப் பிடித்துக்கொண்டு போனார். நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, மலை என்னிடம் வந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் சுருளியும் வந்துவிடுவாள் என்று எண்ணி ஸ்டியரிங்கைத் தட்டினேன்.

பிறகு திரும்பிப் பார்த்தேன். வளைவுகள் ஜீப்பின் பின்பக்கமாக வழிந்து வாய்க்காலில் விழுந்தன. அங்கிருந்து தென்னந்தோப்புகளுக்குப் பாய்ந்து, அப்பால் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. செக்போஸ்ட்டைக் காணவில்லை. டீக்கடை ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

“மொக்கராசு!” என்று சவேரி கத்தினார். அதுவரை ஜீப்புக்கு அடியில் எதையோ பிடித்துத் தொங்கியவர், பிடி நழுவி இப்போது ரோட்டில் கிடந்தார். ரோடு அவரையும் இழுத்துக்கொண்டு போனது. முழு ஆளையும் அப்போதுதான் பார்த்தேன். “பின்னால போறது திரும்பாது! பாத்துக்கங்க!”

“எப்படி நிப்பாட்டுறது?”

“காத்து போற வாயப் பொத்துங்க!” என்றார். அதோடு வாய்க்காலில் விழுந்தார். கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன.

இப்போது எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. கியரை எடுத்தேன். மலை நிற்கவில்லை. டீசல் டியூபைப் பிடுங்கி எறிந்தேன். எஞ்சின் அதைச் சட்டை செய்யவில்லை. மலையைக் குடித்தே அது ஓடியது. இதற்கிடையில் ஏலத்தோட்டம் வர ஆரம்பித்துவிட்டது. செடிகள் வந்தன. காய் உலர்த்தும் ஸ்டோர் வந்தது. லயத்து வீடுகளின் தகரக் கூரை தெரிந்தது. கடைசி வீட்டு வாசலில் சுருளி உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டோடு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

“சுருளி! குதிச்சிரு! வீட்ட விட்டுக் குதி!”

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ரோட்டில் போகிற டிரைவர்கள் கத்தினால் அவள் எப்போதும் அப்படித்தான்.

நான் குதித்து ஓடினேன். பானெட்டைத் தூக்கி, காற்று இழுக்கும் வாயில் வலது உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். எஞ்சின் என் கையை உறிஞ்சியது. தோள் வரைக்கும் இழுத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன். டுப் என்றது. இன்னொரு டுப். நின்றுவிட்டது.

லயத்து வீட்டு வாசற்படி ஜீப்பின் முன் சக்கரத்தில் வந்து இடித்து நின்றது. சுருளி என்னிடமிருந்து நாலு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். காதில் தோடு அப்படியே இருந்தது.

“யாரு வேணும்?” என்றாள்.

“நான்தான் சுருளி. வண்டி வந்திருச்சு. ஏறு.”

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். ஊர் பேர் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

“அடுத்தவுக வண்டில நான் ஏற மாட்டேங்க.”

“இது நம்ம வண்டி. இந்தா, உன் முன் சீட்டு. நீ ஒட்டுன ஸ்டிக்கர் இருக்கு பாரு.”

“ஸ்டிக்கர் யாரு வேணாலும் ஒட்டலாம். எங்க வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? இம்புட்டு நேரம் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். இது கெணத்தடிச் சத்தமுங்க.”

“எஞ்சின மாத்திட்டேன் சுருளி! உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் மாத்துனேன்!”

“கத்தாதீக” என்றாள். அவள் குரலில் கோபமில்லை. எனக்காகப் பரிதாபப்பட்ட மாதிரி இருந்தது. “எம் புருசன் பேரு மொக்கராசு. அவரு வருவாரு. நான் இப்ப உங்க வண்டில ஏறிப் போயிட்டன்னு வைங்க, அவரு இம்புட்டு மலை ஏறி வந்து வெறும் வீட்டப் பாத்துட்டு நிப்பாருல்ல? தாங்க மாட்டாருங்க. மனுசன் லேசுல அழுதுருவாரு.”

நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். அவள் அதைக் கவனிக்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தாள். அந்நிய ஆம்பளை அழும்போது பார்ப்பது முறையில்லை என்று நினைத்திருப்பாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிடலாம் என்று வலது கையை லேசாக எடுத்தேன். எஞ்சின் மூச்சை இழுத்தது. டுப் என்றது. வீடு அவளோடு ஓரடி நழுவி ஜீப்புக்கு அடியில் போகப் பார்த்தது. பதறிப்போய்த் திரும்பப் பொத்தினேன். இடது கையை நீட்டினேன். அவளுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பிடித்திருக்க மாட்டாள்.

சுருளி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். அவள் கதவைச் சாத்திவிட்டால் எனக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. ஜீப்பின் மேல் சாய்ந்து, கையை அமுக்கியபடி, வாயால் இருமினேன். மூன்று முறை இருமினேன். ஒரு முறை விக்கினேன். திரும்ப மூன்று முறை இருமினேன்.

சுருளி நின்றாள்.

இன்னொரு தடவை செய்தேன். மூன்று இருமல், ஒரு விக்கல், மூன்று இருமல். எனக்கு மூச்சு வாங்கியது. சத்தம் மெல்லியதாகத்தான் வந்தது. ஆனாலும் சத்தம் சரியாக இருந்தது. அந்த எஞ்சினோடு நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, பின்னால், மலை இருந்த பக்கம் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

“எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு!” என்றாள் என்னிடம். “கேக்குதா? மூணு வளைவு கீழ இருக்காரு. நீங்க வண்டிய ஓரமா எடுத்துக்கங்க டிரைவரே, அவரு திருப்ப எடம் வேணும்.”

கூந்தலை உதறி முடிந்துகொண்டு உள்ளே ஓடினாள். சுருளி என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் சத்தம் நின்றுவிடும்.

உள்ளே அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. காப்பித்தூள் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை. இருமிக்கொண்டே இருந்தேன்.